மைனர் லீக் பேஸ்பால் அரங்குகளும் மக்கள் வரிப்பணமும்: அமெரிக்காவின் ஹார்ட்ஃபோர்ட் நகரம் கற்ற பாடம் - விரிவான விளக்கம்

அமெரிக்காவின் நடுத்தர நகரங்கள் பலவற்றில் கடந்த முப்பது ஆண்டுகளாக ஒரே கேள்வி மீண்டும் மீண்டும் எழுந்து வருகிறது. நகர மையத்தில் புதிய பேஸ்பால் அரங்கம் ஒன்றைக் கட்ட மாநகராட்சி கடன் வாங்கலாமா, கூடாதா என்பதே அந்தக் கேள்வி. அரங்கம் வந்தால் ஆளரவமற்ற வீதிகளுக்கு மக்கள் வருவார்கள், கடைகள் திறக்கும், சொத்து வரி வருவாய் உயரும் என்பது ஆதரவாளர்களின் வாதம். தனியாருக்குச் சொந்தமான ஓர் அணியின் தொழிலுக்குப் பள்ளிகளுக்கும் நூலகங்களுக்கும் செல்ல வேண்டிய பணத்தை ஏன் செலவிட வேண்டும் என்பது எதிர்ப்பாளர்களின் வாதம்.

இந்த விவாதத்தில் அதிகம் மேற்கோள் காட்டப்படும் நகரங்களில் ஒன்று, கனெக்டிகட் மாநிலத்தின் தலைநகரான ஹார்ட்ஃபோர்ட். அங்கு 2014-ம் ஆண்டு அறிவிக்கப்பட்ட அரங்கம், ஓராண்டு தாமதத்துக்குப் பிறகு, கூடுதல் செலவுடனும் நீதிமன்ற வழக்குடனும் 2017-ம் ஆண்டு திறக்கப்பட்டது. இத்தகைய திட்டங்களுக்குப் பொது நிதி எவ்வாறு திரட்டப்படுகிறது, ஆதாயம் யாருக்கு, சுமை யாருக்கு என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மைனர் லீக் என்றால் என்ன?

அமெரிக்காவில் தொழில்முறை பேஸ்பாலின் உச்சியில் இருப்பது 30 அணிகளைக் கொண்ட மேஜர் லீக். அதற்குக் கீழே, வருங்கால வீரர்களைப் பயிற்றுவித்து மேலே அனுப்பும் அமைப்பே மைனர் லீக் ஆகும். ஒவ்வொரு மேஜர் லீக் அணியுடனும் டிரிபிள்-ஏ, டபுள்-ஏ, ஹை-ஏ, சிங்கிள்-ஏ என்ற நான்கு நிலைகளில் தலா ஓர் அணி இணைக்கப்பட்டுள்ளது. ஆக மொத்தம் 120 அணிகள்.

இவற்றில் பெரும்பாலானவை தனி உரிமையாளர்களுக்குச் சொந்தமானவை. வீரர்களின் ஊதியத்தை மேஜர் லீக் அணியே செலுத்துகிறது. நுழைவுச்சீட்டு, உணவு, விளம்பரம், அரங்கின் பெயர் உரிமை ஆகியவற்றிலிருந்து கிடைக்கும் வருவாய் மைனர் லீக் அணியின் உரிமையாளருக்குச் செல்கிறது. அரங்கம் பெரும்பாலும் உள்ளூர் அரசுக்குச் சொந்தமானதாக இருக்கும். அணி வாடகைக்கு இருக்கும். பொது நிதி குறித்த சர்ச்சை அனைத்தும் இந்த ஏற்பாட்டிலிருந்தே பிறக்கிறது.

டபுள்-ஏ நிலையில் ஓர் அணி தற்போது ஓராண்டில் 138 ஆட்டங்களில் ஆடுகிறது. அவற்றில் 69 மட்டுமே சொந்த ஊரில் நடைபெறும். அதாவது, பல கோடி டாலர் செலவில் கட்டப்படும் அரங்கில் ஆண்டின் 365 நாள்களில் ஐந்தில் ஒரு பங்குக்கும் குறைவான நாள்களிலேயே ஆட்டம் நடக்கும். எஞ்சிய நாள்களில் வேறு நிகழ்ச்சிகளைக் கொண்டுவர வேண்டும். இல்லையேல் அரங்கம் பூட்டிக் கிடக்கும்.

ஹார்ட்ஃபோர்ட்: திட்டம் பிறந்த சூழல்

ஹார்ட்ஃபோர்ட், அமெரிக்காவின் 'காப்பீட்டுத் தலைநகரம்' என நெடுங்காலம் அழைக்கப்பட்ட நகரம். பெரிய காப்பீட்டு நிறுவனங்களின் அலுவலகங்கள் அங்கு உள்ளன. ஆயினும் அந்த அலுவலகங்களில் பணியாற்றுவோரில் பலர் மாலையில் புறநகர் வீடுகளுக்குத் திரும்பிவிடுகின்றனர். சுமார் 1.2 லட்சம் மக்கள் வாழும் நகரில், திட்டம் அறிவிக்கப்பட்ட காலத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் வறுமைக் கோட்டுக்குக் கீழே இருந்தனர். 1997-ம் ஆண்டு 'வேலர்ஸ்' ஐஸ் ஹாக்கி அணி வட கரோலினாவுக்கு இடம்பெயர்ந்த பிறகு, பெரிய தொழில்முறை விளையாட்டு அணி ஏதும் இல்லாத ஊராகவும் அது மாறியிருந்தது.

நகரின் நிதிநிலையும் பலவீனமாக இருந்தது. கனெக்டிகட் மாநிலத்தில் உள்ளாட்சிகள் தமக்கென விற்பனை வரியோ வருமான வரியோ விதிக்க முடியாது. சொத்து வரியே முதன்மை வருவாய். ஆனால், தலைநகரம் என்பதால் ஹார்ட்ஃபோர்டின் சொத்துகளில் ஏறத்தாழ பாதி, அரசுக் கட்டடங்கள், மருத்துவமனைகள், கல்லூரிகள் என வரிவிலக்குப் பெற்றவை. எஞ்சிய சொத்துகள்மீது மாநிலத்திலேயே மிக உயர்ந்த வரி விதிக்கப்பட்டது. அப்போதைய விகிதம், மதிப்பிடப்பட்ட ஒவ்வோர் 1,000 டாலருக்கும் 74.29 டாலர். சந்தை மதிப்பில் 70 சதவீதமே வரிக்கு எடுத்துக்கொள்ளப்படுவதால், 10 லட்சம் டாலர் மதிப்புள்ள ஒரு வணிகக் கட்டடம் ஆண்டுக்கு சுமார் 52,000 டாலர் வரி செலுத்த வேண்டியிருந்தது.

இந்தப் பின்னணியில், அருகிலுள்ள நியூ பிரிட்டன் நகரில் ஆடிவந்த 'ராக் கேட்ஸ்' அணியை ஹார்ட்ஃபோர்டுக்குக் கொண்டுவரப்போவதாக அப்போதைய மேயர் பெட்ரோ செகாரா 2014-ம் ஆண்டு ஜூன் மாதம் அறிவித்தார். பேச்சுவார்த்தைகள் ரகசியமாக நடத்தப்பட்டிருந்ததால் அணியை இழந்த நியூ பிரிட்டனில் அதிர்ச்சியும், ஹார்ட்ஃபோர்ட் மக்களிடையே ஐயமும் எழுந்தன. இரு நகரங்களும் ஒரே மாநிலத்தில், சுமார் 15 கிலோமீட்டர் இடைவெளியில் உள்ளவை. எனவே, இது மாநிலத்துக்குப் புதிய வருவாயைக் கொண்டுவரும் திட்டமல்ல. ஓர் ஊரின் வருவாயை இன்னோர் ஊருக்கு மாற்றும் திட்டமே என விமர்சகர்கள் சுட்டிக்காட்டினர்.

அரங்கத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட இடம் 'டவுன்டவுன் நார்த்' எனப்படும் பகுதி. நகர மையத்தையும், கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்க வம்சாவளியினரும் பெருமளவில் வாழும் வடக்குப் பகுதியையும் 84-ம் எண் தேசிய நெடுஞ்சாலை பிரித்துவிட்டது. இரண்டுக்கும் இடையே வாகன நிறுத்துமிடங்களாகவும் வெற்று மனைகளாகவும் கிடந்த நிலத்தை மீட்பதே நோக்கம் எனக் கூறப்பட்டது.

பணம் திரட்டப்பட்ட முறை

முதல் திட்டத்தின்படி, நகரமே 6 கோடி டாலர் கடன் பத்திரங்களை வெளியிட்டு அரங்கத்தைக் கட்டும். பொதுமக்களின் எதிர்ப்பு வலுத்ததால் அந்தத் திட்டம் திரும்பப் பெறப்பட்டது.

அதன்பின் முன்வைக்கப்பட்ட இரண்டாவது திட்டம் தோற்றத்தில் வேறுபட்டது. சுமார் 35 கோடி டாலர் மதிப்பிலான பெரும் வளாகம், அதன் ஒரு பகுதியாக 5.6 கோடி டாலர் செலவில் அரங்கம் என்று அது அமைந்தது. குடியிருப்புகள், கடைகள், வடக்குப் பகுதி மக்கள் நீண்டகாலமாகக் கேட்டுவந்த பெரிய மளிகை அங்காடி, மதுவடிப்பாலை ஆகியவை தனியார் முதலீட்டில் எழும். அரங்கத்தை மட்டும் பொது நிதியில் கட்டலாம் எனக் கூறப்பட்டது. நகர மன்றம் 2014-ம் ஆண்டு அக்டோபரில் ஒப்புதல் வழங்கியது.

கடன் வாங்குவதற்காக 'ஹார்ட்ஃபோர்ட் ஸ்டேடியம் ஆணையம்' என்ற தனி அமைப்பு உருவாக்கப்பட்டது. ஆணையம் பத்திரங்களை வெளியிடும். நகரம் அந்த ஆணையத்துக்கு ஆண்டுதோறும் குத்தகைத் தொகை செலுத்தும். அத்தொகையிலிருந்து கடன் அடைக்கப்படும். சட்டத்தின் பார்வையில் கடன் வாங்கியது ஆணையம். நடைமுறையில் பணம் கொடுப்பது நகரின் வரி செலுத்துவோர். அணி தரும் வாடகையும் அரங்கத்தைச் சார்ந்த பிற வருவாயும் ஆண்டுத் தவணையின் ஒரு பகுதியை மட்டுமே ஈடுசெய்யக்கூடியவை. மீதியைச் சுற்றிலும் எழப்போகும் புதிய கட்டடங்களின் சொத்து வரி நிரப்பும் என்பதே கணக்கு. கட்டடங்கள் எழாவிட்டால் என்னாகும் என்பதற்கு அந்தக் கணக்கில் விடை இல்லை.

திட்டம் சிக்கிய இடம்

கட்டுமானப் பணி 2015-ம் ஆண்டு பிப்ரவரியில் தொடங்கியது. ரசிகர்களிடையே நடத்தப்பட்ட போட்டியின் வாயிலாக அணிக்கு 'யார்டு கோட்ஸ்' என்ற பெயர் சூட்டப்பட்டது. ரயில் நிலைய முற்றங்களில் பெட்டிகளை இழுத்துச் சேர்க்கும் சிறிய எஞ்சினைக் குறிக்கும் ரயில்வே வழக்குச் சொல் அது. அதே ஆண்டு செப்டம்பரில் நடைபெற்ற ஜனநாயகக் கட்சி வேட்பாளர் தேர்வில் மேயர் செகாரா, லூக் பிரானினிடம் தோல்வியடைந்தார்.

2016 ஏப்ரலில் முதல் ஆட்டம் என்பது திட்டம். ஆனால், பிரானின் பதவியேற்பதற்குச் சற்று முன்னர், பணி பின்தங்கியுள்ளதும் சுமார் 1 கோடி டாலர் கூடுதலாகத் தேவைப்படுவதும் வெளியாயின. 2016 ஜனவரியில் எட்டப்பட்ட உடன்பாட்டின்படி கூடுதல் செலவு நகரம், அணி, ஒப்பந்ததாரர் ஆகியோரிடையே பகிரப்பட்டது. முடிப்பதற்கான கெடு மே 17-க்கு மாற்றப்பட்டது. அந்தக் கெடுவும் தவறியது. ஜூன் மாதம் நகரம் ஒப்பந்தத்தை ரத்து செய்தது.

பாதி முடிந்த அரங்கம் வேலியிட்டுப் பூட்டப்பட்டது. அணி அந்தப் பருவம் முழுவதையும் வெளியூர்களில் கழித்தது. அதன் 'சொந்த' ஆட்டங்கள் சில, சுமார் ஒரு மணி நேரப் பயணத் தொலைவில் உள்ள நார்விச் நகர அரங்கிலும், மற்றவை எதிரணிகளின் அரங்குகளிலும் நடைபெற்றன.

இந்த நெருக்கடியில் நகரைப் பெருமளவு காப்பாற்றியது ஒப்பந்தத்தில் இருந்த ஓர் ஏற்பாடு. ஒப்பந்ததாரர் பணியை முடிக்கத் தவறினால் அதை முடித்துத் தரும் பொறுப்பை ஏற்கும் உத்தரவாதப் பத்திரம், 'ஆர்ச் இன்சூரன்ஸ்' நிறுவனத்திடமிருந்து பெறப்பட்டிருந்தது. அந்நிறுவனம் பொறுப்பேற்று, 'வைட்டிங்-டர்னர்' என்ற கட்டுமான நிறுவனத்தை நியமித்து எஞ்சிய பணியை முடித்தது. 2017-ம் ஆண்டு ஏப்ரல் 13-ம் தேதி அரங்கம் திறக்கப்பட்டது. சுமார் 6,000 பேர் அமரக்கூடிய அந்த அரங்கத்துக்கான செலவு சுமார் 7.1 கோடி டாலர் எனக் கணக்கிடப்படுகிறது. இந்திய மதிப்பில் இது 600 கோடி ரூபாய்க்கு மேல்.

நிதி நெருக்கடியும் மாநில அரசின் உதவியும்

அரங்கம் திறந்த அதே 2017-ம் ஆண்டில் ஹார்ட்ஃபோர்ட் நகரம் திவாலாகும் விளிம்பில் நின்றது. நகரின் கடன் தர மதிப்பீடு முதலீட்டுக்குத் தகுதியற்ற நிலைக்குச் சரிந்தது. திவால் சட்ட நடவடிக்கைகளில் தேர்ந்த வழக்கறிஞர் நிறுவனம் ஒன்றை நகர நிர்வாகம் ஆலோசனைக்கு அமர்த்தியது. 2018-ம் ஆண்டு, நகரின் பொதுக் கடன் தவணைகளைத் தானே செலுத்த மாநில அரசு முன்வந்தது. சுமார் 55 கோடி டாலர் அளவிலான இந்த உதவிக்கு ஈடாக, நகரின் நிதி முடிவுகள் மாநிலக் கண்காணிப்புக் குழுவின் மேற்பார்வைக்குள் வந்தன.

நெருக்கடிக்கு அரங்கமே காரணம் எனக் கூறுவது சரியாகாது. வரிவிலக்குப் பெற்ற சொத்துகள், ஓய்வூதியச் சுமை, பல ஆண்டுகளாகச் சேர்ந்த பழைய கடன் ஆகியவற்றோடு ஒப்பிடுகையில் அரங்கக் கடன் சிறியது. எனினும், தலைநகரைக் காப்பாற்றத் தம் வரிப்பணம் ஏன் செல்ல வேண்டும் எனக் கேட்ட பிற ஊர்களின் சட்டமன்ற உறுப்பினர்களுக்கு, நகரின் முன்னுரிமைகளைக் கேள்வி கேட்க அரங்கம் ஓர் எளிய சான்றாக அமைந்தது.

நீண்ட வழக்கு

நீக்கப்பட்ட கட்டுமான நிறுவனமான 'சென்டர்பிளான்', தன்னைத் தவறாக நீக்கியதாக நகரத்தின்மீது வழக்குத் தொடர்ந்து பெருந்தொகை இழப்பீடு கோரியது. நகரமும் எதிர்வழக்குத் தொடுத்தது. 2019 ஜூலையில் நடுவர் குழு நகரத்துக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஆனால் 2022-ம் ஆண்டு கனெக்டிகட் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை ரத்து செய்து மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது.

வழக்கின் மையப்புள்ளி எளிமையானது. எந்த நாட்டின் உள்ளாட்சிக்கும் பொருந்தக்கூடியது. வடிவமைப்பாளர்மீது கட்டுப்பாடு யாரிடம் இருந்தது? வரைபடப் பிழைகளுக்கும் மாற்றங்களுக்கும் பொறுப்பாளி நகரமா, ஒப்பந்ததாரரா? பல ஒப்பந்தங்கள் ஒன்றோடொன்று பிணைந்திருந்த நிலையில், இந்தக் கேள்விக்கு ஒப்பந்த வாசகம் ஐயத்துக்கிடமின்றி விடையளிக்கிறது என விசாரணை நீதிமன்றம் முன்கூட்டியே முடிவு செய்தது பிழை என்று உச்ச நீதிமன்றம் கருதியது.

வழக்கின் விளைவு நீதிமன்றத்தோடு நிற்கவில்லை. அரங்கத்தைச் சுற்றியுள்ள மனைகளின்மீதான உரிமைப் பிணக்கால், கடனை அடைக்கும் என எதிர்பார்க்கப்பட்ட கட்டடங்கள் ஆண்டுக்கணக்கில் எழவில்லை. புதிதாகத் தேர்வு செய்யப்பட்ட 'ஆர்.எம்.எஸ்.' நிறுவனத்தின் முதல் அடுக்குமாடிக் குடியிருப்பு, 270 வீடுகளுடன் 2022-ம் ஆண்டில்தான் பயன்பாட்டுக்கு வந்தது.

அரங்கம் தோல்வியா?

ஆட்டங்களைப் பொறுத்தவரை இல்லை. முதல் பருவத்திலேயே ஏறத்தாழ 4 லட்சம் பேர் அரங்குக்கு வந்தனர். குடும்பத்தோடு மாலைப்பொழுதைக் குறைந்த செலவில் கழிக்கக்கூடிய இடமாக அது நிலைபெற்றுள்ளது. புறநகர் மக்கள் அலுவலக நேரத்துக்குப் பிறகும் நகரத்துக்குள் வரத் தொடங்கியதை வணிகர்கள் வரவேற்கின்றனர்.

ஆனால், மக்கள் விரும்பும் அரங்கம் என்பதும், தன் கடனைத் தானே அடைக்கும் அரங்கம் என்பதும் ஒன்றல்ல. முதலாவது உண்மையாகியுள்ளது. இரண்டாவது, அறிவிக்கப்பட்ட காலத்தில் உண்மையாகவில்லை.

2024 ஜனவரி முதல் ஹார்ட்ஃபோர்டின் மேயராக இருப்பவர் அருணன் அருளம்பலம். உள்நாட்டுப் போரால் நாட்டை விட்டு வெளியேறிய இலங்கைத் தமிழ்ப் பெற்றோருக்கு ஜிம்பாப்வேயில் பிறந்தவர் அவர். 2014-ல் ஒரு மேயர் எடுத்த முடிவின் தவணைகள், அவருக்குப் பின் இரண்டாவதாக வந்த மேயரின் வரவு செலவுத் திட்டத்திலும் இடம்பெறுகின்றன. நீண்டகாலக் கடன் பத்திரத்தின் இயல்பு அதுவே: முடிவெடுப்பவரும் திருப்பிச் செலுத்துபவரும் வேறு வேறானவர்கள்.

கூட்டாட்சி வரிச் சட்டத்தின் முரண்

அமெரிக்க நகரங்கள் கடன் பத்திரம் வெளியிடுவது மிகப் பழைய வழக்கம். இந்தியாவிலும் அகமதாபாத் மாநகராட்சி 1998-ம் ஆண்டு 100 கோடி ரூபாய்க்கு இத்தகைய பத்திரங்களை வெளியிட்டது. அமெரிக்காவில் உள்ளாட்சிப் பத்திரங்களின் வட்டிக்குக் கூட்டாட்சி வருமான வரி இல்லை என்பதால், முதலீட்டாளர்கள் குறைந்த வட்டிக்கே கடன் தருகின்றனர். அந்த வரியிழப்பு நாடு முழுவதும் உள்ள வரி செலுத்துவோர்மீது விழுகிறது.

தனியார் தொழிலுக்கு இச்சலுகை செல்வதைத் தடுக்க 1986-ம் ஆண்டின் வரிச் சீர்திருத்தச் சட்டம் முயன்றது. ஒரு கட்டடத்தின் பயன்பாட்டில் 10 சதவீதத்துக்கு மேல் தனியாருடையதாகவும், அதோடு கடன் தவணையில் 10 சதவீதத்துக்கு மேல் தனியார் தரும் பணத்திலிருந்து செலுத்தப்படுவதாகவும் இருந்தால், அந்தப் பத்திரத்துக்கு வரிவிலக்கு இல்லை என்பது விதி. அரங்கத்தில் முதல் நிபந்தனையைத் தவிர்க்க இயலாது. அணியே அதன் முதன்மைப் பயனாளி. எனவே, வரிவிலக்கை விரும்பும் நகரங்கள் இரண்டாவது நிபந்தனையைத் தவிர்க்கின்றன. அதாவது, அணியிடமிருந்து பெறும் பணத்தைக் குறைவாக வைத்து, தவணையின் பெரும்பகுதியைப் பொது வரியிலிருந்து செலுத்துகின்றன. மானியத்தைக் குறைக்கக் கொண்டுவரப்பட்ட சட்டம், நகரின் பங்கை உயர்த்தும் சட்டமாக மாறிவிட்டது.

புரூக்கிங்ஸ் ஆய்வு நிறுவனம் 2016-ல் வெளியிட்ட ஆய்வின்படி, 2000-ம் ஆண்டுக்குப் பின் மேஜர் லீக் அளவிலான அணிகளுக்காகக் கட்டப்பட்ட 45 அரங்குகளில் 36 அரங்குகள் இந்த வரிவிலக்குக் கடனைப் பயன்படுத்தியுள்ளன. இதனால் கூட்டாட்சி அரசுக்கு ஏற்பட்ட இழப்பு 320 கோடி டாலர். 2017-ம் ஆண்டு வரி மசோதாவில் இச்சலுகையை நீக்கும் பிரிவு பிரதிநிதிகள் சபையில் இடம்பெற்றது. இறுதிச் சட்டத்தில் அது கைவிடப்பட்டது.

பிற நகரங்களின் அனுபவம்

டர்ஹாம், வட கரோலினா: புதிய அரங்கத்துக்கான கடனை 1990-ம் ஆண்டு வாக்காளர்கள் நிராகரித்தனர். இருந்தும், வாக்கெடுப்பு தேவைப்படாத வேறு கடன் முறையில் நிதி திரட்டப்பட்டு, 1995-ல் அரங்கம் திறக்கப்பட்டது. பின்னாளில் அதன் அருகே கைவிடப்பட்டிருந்த புகையிலை ஆலை வளாகம் அலுவலகங்களும் உணவகங்களுமாக மறுபிறவி எடுத்தது. ஆதரவாளர்கள் காட்டும் முதன்மைச் சான்று இது. அந்நகரின் வளர்ச்சியில் பல்கலைக்கழகத்துக்கும் ஆய்வு நிறுவனங்களுக்கும் உள்ள பங்கைப் பிரித்துப் பார்ப்பது கடினம் என்பது மறுதரப்பின் பதில்.

எல் பாசோ, டெக்சாஸ்: 2012 நவம்பரில் விடுதி அறைகள்மீதான கூடுதல் வரிக்கு வாக்காளர்கள் ஒப்புதல் அளித்தனர். வெளியூர்ப் பயணிகளே செலுத்துவதால் விடுதி வரி அரசியல் ரீதியாக எளிதானது. அரங்கத்துக்கு இடமளிக்க, 2013 ஏப்ரலில் நகர மன்றக் கட்டடமே வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. 5 கோடி டாலர் என்ற தொடக்க மதிப்பீடு 7 கோடியைத் தாண்டியது. அரங்கம் 2014-ல் திறக்கப்பட்டது.

பாட்டக்கெட், ரோட் தீவு - வுஸ்டர், மாசசூசெட்ஸ்: பாஸ்டன் ரெட் சாக்ஸின் இணை அணி பாட்டக்கெட் நகரின் பழைய அரங்கில் ஐம்பது ஆண்டுகள் ஆடியது. புதிய அரங்கத்துக்கு மாநில உதவி கோரப்பட்டபோது சட்டமன்றம் தயங்கியது. முன்னாள் பேஸ்பால் நட்சத்திரம் ஒருவரின் வீடியோ விளையாட்டு நிறுவனத்துக்கு மாநில உத்தரவாதத்துடன் வழங்கப்பட்ட 7.5 கோடி டாலர் கடன், 2012-ல் அந்நிறுவனம் திவாலானதால் மக்கள் தலையில் விழுந்த நினைவு அப்போது மறையவில்லை. 2018-ல் வுஸ்டர் நகரம் அணியை ஈர்த்தது. சுமார் 10 கோடி டாலர் என மதிப்பிடப்பட்ட திட்டம் ஏறத்தாழ 16 கோடியில் முடிந்து, 2021 மே மாதம் அரங்கம் திறக்கப்பட்டது. சுற்றுவட்டாரப் புதிய கட்டடங்களின் வரியே கடனை அடைக்கும் என்ற ஹார்ட்ஃபோர்டின் கணக்கே அங்கும் அடிப்படை. பாட்டக்கெட்டின் பழைய அரங்கம் பின்னர் இடிக்கப்பட்டது.

பொருளியலாளர்கள் கூறுவது என்ன?

ரோஜர் நோல், ஆண்ட்ரூ ஸிம்பலிஸ்ட் ஆகியோர் 1997-ல் தொகுத்து வெளியிட்ட ஆய்வு நூல் முதல் இன்றுவரை, பெரும்பாலான ஆய்வுகள் ஒரே திசையைக் காட்டுகின்றன: அரங்கத்துக்காகச் செலவிடப்படும் பொதுப்பணத்தை உள்ளூர்ப் பொருளாதார வளர்ச்சி ஈடுசெய்வதில்லை. சிகாகோ பல்கலைக்கழகம் 2017-ல் முன்னணிப் பொருளியலாளர்களிடம் நடத்திய கருத்தறிதலில் 80 சதவீதத்துக்கும் அதிகமானோர் இதையே கூறினர்.

முதல் காரணம், செலவு இடம்பெயர்தல். ஒரு குடும்பம் ஆட்டத்துக்குச் செலவிடும் தொகை வானத்திலிருந்து வருவதில்லை. திரையரங்குக்கோ வேறோர் உணவகத்துக்கோ செல்லவிருந்த பணம் அது. மைனர் லீக் ஆட்டத்துக்கு வருவோரில் பெரும்பாலோர் சுற்றுவட்டாரத்தவர் என்பதால் இது இன்னும் பொருந்தும். இரண்டாவது, வேலைவாய்ப்பின் தன்மை. அரங்கில் உருவாகும் பணிகளில் பெரும்பாலானவை பகுதிநேர, பருவகாலப் பணிகள். மூன்றாவது, மாற்று வாய்ப்பு. அதே கடனில் வேறு என்ன செய்திருக்கலாம் என்ற கேள்வி திட்ட அறிக்கைகளில் அரிதாகவே எழுப்பப்படுகிறது.

எனினும் மைனர் லீக்கைத் தனியே ஆராய்ந்த நோலா ஆகா, 2013-ல் வெளியிட்ட ஆய்வில், சில நிலை அணிகளும் அரங்குகளும் உள்ளூர்த் தனிநபர் வருமானத்தோடு நேர்மறைத் தொடர்பு கொண்டிருப்பதைக் கண்டறிந்தார். எல்லா நிலைகளுக்கும் அது பொருந்தவில்லை. சிறிய செலவு, சிறிய ஊர், வேறு பொழுதுபோக்கு இல்லாத சூழல் ஆகியவை விளைவை மாற்றக்கூடும் என்பதை மறுக்க முடியாது.

நகரங்களின் பேரம் பேசும் வலிமை குறைந்தது ஏன்?

1922-ம் ஆண்டு அமெரிக்க உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பால், பேஸ்பால் அமைப்புக்கு ஏகபோக எதிர்ப்புச் சட்டத்திலிருந்து விலக்கு உண்டு. அணிகளின் எண்ணிக்கையை அமைப்பே தீர்மானிக்கிறது. அணிகள் குறைவு, ஆவலுள்ள நகரங்கள் அதிகம் என்பதால், 'நீங்கள் கட்டாவிட்டால் வேறு ஊர் கட்டும்' என்ற எச்சரிக்கைக்கு எப்போதும் வலு இருக்கிறது.

2020-ல் இந்த நிலை மேலும் இறுகியது. பழைய ஒப்பந்தம் காலாவதியானதும் மேஜர் லீக் நிர்வாகம் மைனர் லீக்கின் முழுக் கட்டுப்பாட்டை ஏற்று, இணை அணிகளின் எண்ணிக்கையை 160-லிருந்து 120 ஆகக் குறைத்தது. எஞ்சிய அணிகளுக்குப் பத்தாண்டு உரிமம் வழங்கப்பட்டது. அதோடு உடைமாற்று அறை, விளக்குகள், பயிற்சிக்கூடம், உணவுக்கூடம், பெண் பணியாளர்களுக்கான தனி வசதி ஆகியவற்றுக்குப் புதிய தர விதிகளும் வகுக்கப்பட்டன. இவற்றில் பல, வீரர்கள் நலனுக்கு அவசியமானவை. ஆனால் அரங்கத்தின் உரிமையாளர் உள்ளாட்சி என்பதால், விதியை வகுப்பவர் ஒருவராகவும் செலவை ஏற்பவர் இன்னொருவராகவும் ஆயினர்.

ஒப்பந்தத்தில் கவனிக்க வேண்டியவை

ஹார்ட்ஃபோர்டு உள்ளிட்ட நகரங்களின் அனுபவத்திலிருந்து, இத்தகைய திட்டங்களை மதிப்பிடக் கீழ்க்காணும் கேள்விகள் முதன்மையானவை எனத் தெரிகிறது.

* மதிப்பீட்டைத் தாண்டும் செலவை ஏற்பவர் யார்? அது எழுத்தில் உள்ளதா?
* ஒப்பந்ததாரர் தவறினால் பணியை முடித்துத் தரும் உத்தரவாதப் பத்திரம் உள்ளதா?
* வடிவமைப்பாளர் யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்?
* சுற்றுவட்டாரக் கட்டடங்கள் எழாவிட்டால் கடன் தவணை எந்தக் கணக்கிலிருந்து செலுத்தப்படும்?
* அரங்கின் பெயர் உரிமை, வாகன நிறுத்தக் கட்டணம், பிற நிகழ்ச்சிகளின் வருவாய் ஆகியவற்றில் நகரின் பங்கு என்ன?
* பழுதுபார்ப்புச் செலவு யாருடையது? கடன் முடியும் முன் அணி வெளியேறினால் என்ன இழப்பீடு?
* மக்களின் கருத்து, முடிவுக்கு முன் கேட்கப்பட்டதா, பின் கேட்கப்பட்டதா?

காலவரிசை

2014 ஜூன்: அணியைக் கொண்டுவரும் திட்டத்தை மேயர் செகாரா அறிவித்தார்.
2014 அக்டோபர்: திருத்தப்பட்ட திட்டத்துக்கு நகர மன்றம் ஒப்புதல்.
2015 பிப்ரவரி: கட்டுமானம் தொடக்கம்.
2016 ஜனவரி: லூக் பிரானின் மேயராகப் பதவியேற்பு, கூடுதல் செலவு குறித்து உடன்பாடு.
2016 மே 17: இரண்டாவது கெடு தவறியது.
2016 ஜூன்: ஒப்பந்தம் ரத்து.
2017 ஏப்ரல் 13: அரங்கம் திறப்பு.
2018: நகரின் பொதுக் கடன் தவணைகளை மாநில அரசு ஏற்றது.
2019 ஜூலை: நகரத்துக்குச் சாதகமாக நடுவர் குழுத் தீர்ப்பு.
2022: மாநில உச்ச நீதிமன்றம் மறுவிசாரணைக்கு உத்தரவு; அரங்கை ஒட்டிய முதல் குடியிருப்பு பயன்பாட்டுக்கு வந்தது.
2024 ஜனவரி: அருணன் அருளம்பலம் மேயராகப் பதவியேற்பு.